தலைக்காயத்துக்குப் பிறகு ஒரு வேலையை முழுதாக முடிக்கப் பழக்குவது எப்படி?

தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர் நன்றாக நடக்கிறார், பேசுகிறார், பழைய கதைகளைக்கூடப் பிசகாமல் சொல்கிறார். ஆனால் உப்புமா கிண்டப் போனால் வெங்காயத்தை நறுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். தயவுசெய்து சோம்பேறி என்று திட்டாதீர்கள். திட்டமிடுவது, தொடங்கியதை முடிப்பது, நடுவில் தன்னையே கவனித்துக்கொள்வது, இதற்கெல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி முக்கியம். விபத்துகளில் அது எளிதில் அடிபடும்.

அதனால் அவருக்குப் பழக்க வேண்டியது உப்புமா இல்லை, தன் வேலையைத் தானே கண்காணிப்பது. போனில் மூளை விளையாட்டு ஆடினால் அந்த விளையாட்டில் தேறுவார், அடுப்படியில் அது பெரிதாக உதவாது. அவரே செய்ய ஆசைப்படும் ஒரு நிஜ வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதட்டும்: என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தடுமாறுவேன். அப்புறம் படிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். நடுநடுவே போனில் அலாரம் அடித்தால், நின்று, "நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?" என்று தன்னையே கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2007-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் மூளைக் காயம் பட்டவர்களுக்கு முதலில் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, பிறகு 'நில்' என்ற பொருளில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள்; என்ன வேலை என்று அதில் இல்லவே இல்லை, ஆனாலும் செய்தி வந்த நாட்களில் குறித்த நேரத்துக்குப் போன் செய்வதை அவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதில் கஷ்டமே. அவர் திகைத்து நின்றதும் "ரவையைப் போடுங்க" என்று வாய் வந்துவிடும். சொல்லாதீர்கள். "அடுத்து என்னன்னு எழுதியிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, மனசு அடித்துக்கொண்டாலும் கொஞ்சம் காத்திருங்கள், ஏனென்றால் விடையை நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கண்காணிக்கிற வேலை உங்களிடமே தங்கிவிடுகிறது. கேஸ், கத்தி, சூடான எண்ணெய் என்று ஆபத்து வந்தால் மட்டும் உடனே குறுக்கே போங்கள்.

முடிந்ததும் நோட்டைத் திறந்து அவரே ஒப்பிடட்டும். பதினைந்து நிமிஷம் என்று எழுதியது நாற்பது ஆகியிருந்தால் அதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும், நீங்கள் மார்க் போட வேண்டாம். "அடுத்த தடவை என்ன மாத்தலாம்?" என்ற ஒரு கேள்வி போதும். "எனக்கு ஒன்றுமே இல்லை" என்று அடித்துப் பேசினால் வாதாடாதீர்கள், குறை தெரியாமல் இருப்பதும் காயத்தின் விளைவாக இருக்கலாம். சிலருக்குக் குறை தெரியத் தெரிய மனம் உடைந்து போகும். தூக்கம், சாப்பாடு கெட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு வேலை பிடிபட்டதும் அதே கேள்விகளை மளிகை வாங்கவும், பில் கட்டவும் கொண்டுபோங்கள், தானாகப் போய்ச் சேராது. பலருக்குச் சீக்கிரமே களைப்பு வந்துவிடும் என்பதால் தெம்பாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் பயிற்சியை வையுங்கள். முடிந்தால், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள், எந்த இடத்தில் உதவியைக் குறைக்கலாம் என்று அவர் பார்த்துச் சொல்வார்.