விலை மட்டும் மாறினால் விலையை மட்டும் மாற்றுங்கள்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, மோங்கோடிபி டேட்டாபேஸில் பெங்களூரா ரகத்தின் விலையை மட்டும் திருத்த வேண்டுமென்றால் முழுப் பதிவையும் மாற்றிவைக்கும் 'ரீப்ளேஸ்ஒன்' கட்டளை பக்கமே போகாதீர்கள். அது பதிவின் அடையாளமான '_ஐடி'யை மட்டும் விட்டுவைத்து, நீங்கள் திரும்பத் தராத விவசாயி பெயர், எடை, முன்பணம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'அப்டேட்ஒன்' கட்டளையில் சொன்ன புலத்தை மட்டும் மாற்றும் '$செட்' கொடுங்கள், போதும்.

ஆனால் இருப்பு எடைக்கு '$செட்' ஆகாது. இரண்டு எடைமேடைகளில் ஒரே நேரத்தில் லோடு இறங்குகிறது என்று வையுங்கள். இருவரும் 800 கிலோ என்று படித்து, ஒருவர் 50, மற்றவர் 70 கூட்டி எழுதினால் கடைசியாக எழுதியதே நிற்கும். 920 வர வேண்டிய இடத்தில் 850 அல்லது 870 இருக்கும். விவசாயியின் ஒரு பருவத்து உழைப்பு அந்த எண்ணில்தான் இருக்கிறது! இருக்கும் எண்ணோடு கூட்டும் '$இன்க்' கொடுத்தால் கூட்டலை டேட்டாபேஸே செய்துகொள்ளும். ஒரு ஆவணத்துக்குள், அதாவது ஒரு பதிவுக்குள், நடக்கும் மாற்றத்தின் நடுவே வேறு எதுவும் புகுந்து கெடுக்காது.

திருத்தியதும், எத்தனை பதிவு பொருந்தியது என்று சொல்லும் 'மேட்ச்டுகவுன்ட்' பாருங்கள். பூஜ்யம் என்றால் எந்தப் பதிவும் சிக்கவில்லை, பிழைச்செய்தியும் வராது. அப்போது, பதிவைத் தேடப் பயன்படுத்தும் அலைபேசி எண்ணை எண்ணாகச் சேமித்துவிட்டு எழுத்துச்சரமாகத் தேடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.