செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பருவநிலை மாற்றத்தைக் கற்பிக்கும் முறை

தேர்வு முடிந்த வாரத்தில் பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்கத்தான் பல பள்ளிகளில் திரைப்படம் பயன்படுகிறது. ஒன்றரை மணி நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணத்தில் (பெரியவர்களுக்கு இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) அறிவியல் கற்பிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றுச்சூழல் படங்கள் பலவற்றில் வில்லன் செம்பனை, அதாவது பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை. நம் வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாவோ தாத்தாவோ அந்தச் செம்பனையை நம்பித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார். அதை மறந்துவிட்டுப் படம் போட்டால், பிள்ளை அறிவியலைக் கற்பதற்கு முன் தன் வீட்டைப் பற்றிக் கூச்சப்படக் கற்றுக்கொள்ளும். கீழே உள்ள முறை தொடக்கப்பள்ளியின் ஆண்டு 4 முதல் 6 வரை பொருந்தும்.

படி 1: முதலில் கேள்வி, பிறகு படம்

எந்தப் படம் போடலாம் என்று தேடத் தொடங்காதீர்கள். உள்ளூரில் விடை கிடைக்கும் ஒரு கேள்வியை எழுதுங்கள். நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி: இவ்வளவு மழை பெய்யும் ஊரில் மண் எப்படித் தீப்பிடிக்கிறது?

நமக்கு அருகிலேயே ராஜா மூசா வனக் காப்பகம் இருக்கிறது. வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி அது. அங்கே இருப்பது பீட் எனப்படும் கரிமண்: நீரில் மூழ்கியதால் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலை, வேர், மரக்கட்டை. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது காய்ந்து எரிபொருளாகிவிடும். நெருப்பு தரைக்கு அடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

படி 2: ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

பாடவேளை அரை மணி நேரம். அதில் படம் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். மீதி நேரம் பேச்சுக்கு.

மேற்கண்ட கேள்விக்கு 2009இல் பாட்ரிக் ரூக்செல் எடுத்த ‘கிரீன்’ என்ற ஆவணப்படம் பொருந்தும். இந்தோனேசியக் காடுகள் அழிவதை ஒரு பெண் உராங் ஊத்தான் குரங்கை வைத்துக் காட்டுகிறது. வசனமோ வர்ணனையோ கிடையாது என்பதால் மொழி ஒரு தடையே இல்லை. ஆனால் அந்த உராங் ஊத்தான் கடைசியில் இறந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி வேண்டாம். காடு அழிக்கப்படும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முறையாக முயல்பவர்கள் ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்திலிருந்தும் தொடங்கலாம். முதுமலை தெப்பக்காட்டில் அநாதை யானைக்குட்டிகளை வளர்க்கும் தம்பதியைப் பற்றிய குறும்படம். 2023இல் ஆஸ்கர் பெற்றது. தமிழில் பேசுகிறார்கள் என்பதே நமக்குப் பெரிய வசதி.

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாக: மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாடத்தை விளக்குவதற்காகப் படைப்புகளை நியாயமான அளவில் காட்ட இடம் தருகிறது; படத்தின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும். சந்தா கட்டிப் பார்க்கும் தளம் என்றால் அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

படி 3: படத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுங்கள்

அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் தோன்றும் ‘அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ (2006) என்ற பருவநிலை ஆவணப்படத்தைப் பள்ளிகளில் காட்டுவது தொடர்பான வழக்கில், 2007 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம் பொதுவாகச் சரியானதே. ஆனாலும் ஒன்பது இடங்கள் அன்றைய அறிவியல் கருத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே வழிகாட்டிக் குறிப்புகளோடு காட்டலாம் என்றது. நாமும் அதையே செய்வோம். தேர்ந்தெடுத்த பகுதியை முதல் நாளே பார்த்து, எது நடந்தது, எது நடிப்பு, எது மிகை என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

கதைப்படங்களில் இது இன்னும் சுவையாக இருக்கும். ‘தி டே ஆப்டர் டுமாரோ’ (2004) படத்தில் கடல் நீரோட்டம் தடைப்பட்டுச் சில நாள்களிலேயே அமெரிக்காவின் வடபகுதி உறைந்துவிடும். அட்லாண்டிக் நீரோட்டம் பலவீனமடையக்கூடும் என்பது உண்மையான அறிவியல் கவலை. அதன் விளைவுகள் பல்லாண்டுகளில்தான் விரியும். எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் துப்பறிவாளர்களாகிவிடுவார்கள்.

படி 4: அறையை ஆயத்தம் செய்யுங்கள்

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிபெருக்கி எடுபடாது. காலைப் பாடவேளையே நல்லது. படத்தை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டுவதாக இருந்தால், வகுப்பறையில் வைத்தே ஒருமுறை சோதித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

படி 5: முதலில் ஒலியில்லாமல்

தேர்ந்தெடுத்த பகுதியை ஒலியை அணைத்து ஓட்டுங்கள். சோக இசை எப்படி உணர வேண்டும் என்று கட்டளையிட்டுவிடும். ஒலியில்லாதபோது கண் வேலை செய்யும். பாதியில் நிறுத்தி, “தண்ணீர் எங்கே போகிறது?” என்று மட்டும் கேளுங்கள். கால்வாயை யாராவது கண்டுபிடிப்பார்கள். பிறகு ஒலியோடு இன்னொரு முறை.

படி 6: கரிமண்ணை மேசைக்குக் கொண்டுவாருங்கள்

உண்மையான கரிமண்ணைத் தோண்டி எடுத்துவர வேண்டாம். பூச்செடிக் கடையில் தேங்காய் நார்த்தூள் கிடைக்கும். ஒரே அளவான இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் நிரப்பி, இரண்டையும் நன்றாக நனையுங்கள். ஒன்றின் அடியில் ஆணியால் துளைகள் போடுங்கள்: அது கால்வாய் வெட்டிய நிலம். மற்றதில் நீர் குறையக் குறைய ஊற்றி வாருங்கள்.

நனைத்ததும் ஒருமுறை, பிறகு தினமும் காலையில், சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். துளையிட்ட டப்பாவின் எடை தொடக்கத்தில் சட்டென்று இறங்கும், பிறகு மெல்ல மெல்லக் குறையும். மேல்தூள் வெளிறிவிடும். விரலை விட்டுப் பார்த்தால் மேலே பொருபொருவென்றும் அடியில் இன்னும் ஈரமாகவும் இருக்கும். கரிமண் முழுதாகக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் நீரை ஏற்காது என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். கால்வாய்களில் தடுப்புக் கட்டி நீர்மட்டத்தை உயர்த்துவதற்குக் காரணம் அப்போது விளக்காமலே புரிந்துவிடும். தீ வைத்துக் காட்ட வேண்டாம். யாரோ ஒரு பையன் கட்டாயம் கேட்பான்.

வீட்டுப்பாடம்: 2005 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு வருதல். அந்த மாதம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. பாட்டிமார்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போன கதையைச் சொன்னால் அதையும் எழுதி வரட்டும்.

படி 7: செம்பனையைப் பற்றி நேர்மையாகப் பேசுங்கள்

“அப்படியென்றால் எங்கள் அப்பா தப்பு செய்கிறாரா?” என்று ஒரு குரல் எழும். எழாவிட்டாலும் மனத்தில் ஓடும். நழுவாதீர்கள்.

ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெய், சோயா தருவதைப்போல் பல மடங்கு. செம்பனையைக் கைவிட்டு அதே அளவு எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்க வேண்டுமானால் இன்னும் அதிக நிலம் வேண்டும். இன்னொரு பக்கம், கரிமண்ணை வடித்து நட்டால் அதில் அடைபட்டிருந்த கரிமம் கரியமில வாயுவாக வெளியேறும். எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குளத்து நாற்றம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கே குமிழியிடுவதில் மீத்தேனும் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சில ஆலைகள் குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன. எந்த நிலத்தில் நடுவது, எங்கே கால்வாய் வெட்டுவது என்று முடிவெடுப்பது குலை வெட்டுபவர் அல்லர். அதையும் வாய்விட்டே சொல்லுங்கள்.

படி 8: அவர்களே எடுக்கட்டும்

கடைசிப் பாடவேளையில் நால்வர் கொண்ட குழுக்கள், ஆசிரியரின் கைப்பேசியில் ஒரு நிமிடப் படம் எடுக்கலாம். டப்பாக்களின் எடை, பாட்டியின் பேட்டி, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் என எதுவாகவும் இருக்கலாம். தோட்டத்துக்குள் எடுப்பதானால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தை ஒரு வாரம் முன்பே தோட்ட அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். லாரிகள் குலை ஏற்றும் நேரத்தைக் கேட்டு அதைத் தவிர்த்துவிடுங்கள். ஆலைக் குளத்தருகே பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்; அந்தக் காட்சி வேண்டுமென்றால் நீங்களே வேலிக்கு வெளியே நின்று எடுத்துக் கொடுங்கள்.