கிரிவலம் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

திருவண்ணாமலைக்குப் போய் மலை சுற்றிவிட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பாதிப் பேர் முதலில் சொல்வது நேரக் கணக்குதான். "மூன்றரை மணி நேரத்துல முடிச்சிட்டோம்." நானும் முதல் சில முறை அப்படித்தான் சுற்றினேன், ஊருக்குத் திரும்பிய பிறகு கால் வலி ஞாபகம் இருந்ததே தவிர மலை ஞாபகம் இல்லை. அதன் பிறகு பல வருடம் போய்வந்ததில் நான் செய்ததும் மற்றவர்கள் செய்யப் பார்த்ததுமான சில தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு இந்த வேகம். பாதை சுமார் 14 கிலோமீட்டர். 1896இல் பதினாறு வயதில் வந்து 1950 வரை இந்த ஊரை விட்டு நகராத ரமணர், நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் அரசி நடப்பது போல மலையைச் சுற்ற வேண்டும் என்று சொன்னதாக அவருடைய அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நடையை ஒரு நூறு அடிக்காவது முயற்சி செய்து பாருங்கள். கால் மெதுவாகும்போது மூச்சும் மெதுவாகிறது, கழுத்து தானாக வலது பக்கம் திரும்பி மலையைப் பார்க்கிறது. வேகமாக நடப்பவர் கண்ணில் முன்னால் போகிறவருடைய முதுகு மட்டும்தான் படும். மலையோ ஒவ்வொரு பக்கமும் வேறு வேறாக நிற்கிறது: ரமணாசிரமத்துப் பக்கம் ஒற்றைச் சிகரமாகத் தெரிவது, பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களில் ஒன்றான குபேர லிங்கத்துப் பக்கம் வரும்போது ஐந்து முகமாகத் தெரியும். இங்கே மலையே லிங்கம், கோயிலுக்குள் இருக்கும் மூர்த்தியைப் போலவே வெளியே நிற்கும் மலையும் அண்ணாமலையார்தான் என்பதுதானே நம்பிக்கை, அப்படியானால் அந்த 14 கிலோமீட்டரும் சந்நிதிதான், சந்நிதியில் யாராவது ஓடுவார்களா?

இரண்டாவது, பௌர்ணமி அன்று சுற்றினால்தான் பலன் என்று நினைப்பது. பௌர்ணமிக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை, நிலா வெளிச்சத்தில் அந்த மலையைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். ஆனால் அண்ணாமலையாரே வருடத்தில் இரண்டு முறை, கார்த்திகை தீபத்தையொட்டி ஒரு முறையும் சுவாமிக்கும் அம்மனுக்கும் நடக்கும் ஊடலைக் கொண்டாடும் தை மாதத் திருவூடல் விழாவையொட்டி ஒரு முறையும் மலையை வலம் வருகிறார். அவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிளம்புவதில்லை. தனிமை வேண்டும் என்றால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள், நாயும் நீங்களும் மலையும்தான்.

இதிலிருந்துதான் மூன்றாவது தவறு வருகிறது, என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. பௌர்ணமிக்கும் போக வேண்டும், கூட்டமும் இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது. "இவ்வளவு சத்தத்துல எங்க சார் தியானம் வரும்" என்று வழி நெடுக எரிச்சலோடு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அந்த எரிச்சலோடு நடந்திருக்கிறேன். ஒரு பௌர்ணமி, இரவு இரண்டு மணி இருக்கும், ஆதி அண்ணாமலை பக்கம். எனக்கு முன்னால் ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், தலையில் ஒரு துணிப்பை, வெறுங்கால். நாலு அடிக்கு ஒரு முறை "அப்பா அண்ணாமலையாரே" என்று சொல்லிக்கொண்டே போனார், யாருக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை, மூச்சு விடுவது போலச் சொன்னார். அவரை முந்திப் போகத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் என்னவோ பின்னாலேயே நடந்தேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் என் கால் அவருடைய தாளத்துக்கு வந்துவிட்டது, அது வரைக்கும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்த ஐந்தெழுத்தும் அந்தத் தாளத்திலேயே ஓட ஆரம்பித்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர், டீக்கடை, விளக்கு, குழந்தை அழுகை எல்லாம் அப்படியே இருந்தது, எனக்கு மட்டும் அது இடைஞ்சலாகத் தெரியவில்லை. நான் தனியாக உட்கார்ந்து எத்தனையோ நாள் முயன்றும் கிடைக்காத ஒன்றை, பெயர் தெரியாத அந்த அம்மா நடந்தே கொடுத்தார். அதனால் கூட்டத்தோடு சண்டை போடாதீர்கள். அத்தனை பேரும் ஏதோ ஒரு வேண்டுதலையோ நன்றியையோ சுமந்துகொண்டு நம் பக்கத்தில் நடக்கிறார்கள், அதை ஒரு நிமிடம் நினைத்தாலே மனசு இளகிவிடும்.

அதே சமயம் நம்முடைய பக்தி பக்கத்தில் நடப்பவருக்குப் பாரமாகவும் ஆகக் கூடாது. போனில் ஸ்பீக்கர் போட்டுப் பாட்டு வைத்துக்கொண்டு நடப்பது இப்போது மிகவும் அதிகமாகிவிட்டது. சிவன் பாட்டுதானே என்பார்கள், சரி, ஆனால் பக்கத்தில் ஒருவர் மௌனமாக நடந்துகொண்டிருக்கலாம். இயர்போன் கூட வேண்டாம் என்பேன், அந்தப் பாதைக்கென்று இருக்கும் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள். வீடியோ காலில் வீட்டாருக்கு மலையைக் காட்டுவதற்காக நடுப்பாதையில் சட்டென்று நிற்பதும் அப்படித்தான், பின்னால் வருபவர் முட்டிக்கொள்வார். காட்ட வேண்டும் என்றால் ஓரமாக ஒதுங்கிக் காட்டிவிட்டு போனை உள்ளே வைத்துவிடலாம்.

கற்பூரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ட இடத்தில், நடைபாதை மேலேயே ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னால் வருபவர்கள் வெறுங்காலில் வருகிறார்கள், இருட்டில் வருகிறார்கள். ஏற்றுவதற்கென்று இடம் வைத்திருக்கும் சந்நிதிகளில் மட்டும் ஏற்றுங்கள். அன்னதானத் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இதே கதைதான். யாரோ விடிய விடிய நின்று அன்போடு கொடுத்ததை இரண்டு வாய் சாப்பிட்டு மீதியோடு ஓரத்தில் வீசினால், மறுநாள் காலை அதைக் குனிந்து அள்ளுகிறவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். பசி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எட்டு லிங்கங்களையும் டிக் அடித்துக்கொண்டே போவது இன்னொன்று. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசைக்கு எட்டு. வரிசை நீளமாக இருந்தால் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போவதில் ஒரு குறையும் இல்லை. வரிசையில் இடித்துத் தள்ளி உள்ளே போய் ஒரு வினாடி பார்த்துவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல். பாதையில் ஒரு குறுகலான இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வரும் சிறு சந்நிதியான இடுக்குப் பிள்ளையாரிடம் இது இன்னும் முக்கியம், அந்த வழியில் படுத்து நுழைய எல்லா உடம்பாலும் முடியாது, முடியாதவரைப் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தவோ கேலி செய்யவோ வேண்டாம்.

வெறுங்காலில்தான் நடக்க வேண்டும் என்பது வழக்கம், நானும் அப்படித்தான் நடக்கிறேன். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. சூடுபட்டதோ கல் கிழித்ததோ அவர்களுக்கு அப்போது தெரியாது, புண்ணாகிப் பெரிதான பிறகுதான் தெரியும். டாக்டரைக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் செருப்போடு நடங்கள், அல்லது முடிந்த தூரம் மட்டும் நடங்கள். அப்படி நடப்பவரை நிறுத்தி "செருப்பு போட்டுட்டு சுத்தக் கூடாது" என்று சொல்கிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். மலைப் பக்கத்து ஓரம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் உரியது, நாம் பாதையின் இடது ஓரமாகப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நான் கடைப்பிடிக்கிறேன், அது எனக்கு ஓர் அடக்கத்தைத் தருகிறது. ஆனால் அதை வைத்துப் பக்கத்தில் நடப்பவரைத் திருத்த ஆரம்பித்தால் அந்த அடக்கம் அங்கேயே போய்விடும்.

வழியில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். உங்களுக்கு அது கிரிவலப் பாதை, அவர்களில் பலருக்கு அதுதான் வீடு.

கடைசியாக, சுற்றி முடித்த கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவது. ஈசான்ய லிங்கம் தாண்டியதும் ஊர்ச் சத்தம் வந்துவிடும், ஆட்டோக்காரர்கள் கூப்பிட ஆரம்பிப்பார்கள், மனசு அதற்குள் சென்னைக்கோ வேலூருக்கோ பாதி தூரம் போயிருக்கும். ஒரு பஸ்ஸை விட்டுவிடுங்கள். மலை தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு திண்ணையிலோ படியிலோ பத்து நிமிடம் உட்கார்ந்து, வலிக்கும் காலை நீட்டிக்கொண்டு, எதுவும் வேண்டாமல் சும்மா அதைப் பார்த்துக்கொண்டு இருங்கள். அடுத்த பஸ் வந்துவிடும்.