வீட்டுக்கு நம்பகமான வேக்குவம் கிளீனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோலாலம்பூரில் ஏதேனும் ஒரு மின்சாதனக் கடைக்குச் சென்று வேக்குவம் கிளீனர் வேண்டும் என்று கேட்டால், விற்பனையாளர் பெரும்பாலும் முதலில் காட்டுவது பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். முதன்முறையாக வாங்குபவர்களில் பலர் அந்த எண்ணையும் விலையையும் மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். கடையில் நன்றாக உறிஞ்சும் கருவி நான்காம் ஆண்டிலும் அப்படியே உறிஞ்சுமா என்பதை அந்த எண் சொல்லாது. வடிகட்டி, தூரிகை, பேட்டரி, குழாய் ஆகிய தேயும் உறுப்புகளை அப்போதும் வாங்கிப் பொருத்த முடியுமா என்பதைப் பொறுத்தே ஒரு கருவியின் நம்பகத்தன்மை அமைகிறது. கீழே உள்ள படிகளை அந்த அளவுகோலை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று, தரை எதனால் ஆனது, அதில் சேரும் குப்பை எத்தகையது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள வரிசை வீடுகளில் கீழ்த்தளம் பெரும்பாலும் டைல்ஸ் தரையாகவும், மாடி சில வேளைகளில் மரத் தரையாகவும் இருக்கும். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய கடைவீடுகளில் மாடியில் பலகைத் தளம் உண்டு. பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில்தான் தூசு தங்கும். முழுவதும் டைல்ஸ் பதித்து, வரவேற்பறையில் மட்டும் ஒரு சிறு கார்ப்பெட் விரித்திருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, தடித்த கம்பளத்தை அலசும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

அடுத்து, குப்பை. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சுழலும் தூரிகையில் முடி சுற்றிக்கொள்ளும். ஆகவே தூரிகையைக் கழற்றி முடியை எடுக்க முடியுமா என்பது முக்கியமான கேள்வியாகிறது. பூனை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பூஜை அறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோலமாவும் திருநீறும் மிக நுண்ணிய பொடிகள் என்பதால் வடிகட்டியின் துளைகளை விரைவில் அடைத்துவிடும். அவற்றை ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே நல்லது. சாம்பிராணிக் கரியையும் ஊதுபத்திச் சாம்பலையும் வேக்குவம் கிளீனரால் ஒருபோதும் எடுக்காதீர்கள். மேலே ஆறிப்போனதுபோல் தோன்றும் கரியின் உள்ளே கங்கு இருக்கக்கூடும். உள்ளிழுக்கும் காற்று அதை மீண்டும் மூட்டி, காகிதப் பையையும் தூசையும் பற்றவைத்துவிடும்.

ஆஸ்துமா அல்லது மூக்கடைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும்.

படி 2: வகையை முடிவு செய்யுங்கள்

தரையில் இழுத்துச் செல்லும், நீண்ட குழாய் கொண்ட மின்கம்பி வகைதான் தொடக்கநிலையினருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. கொடுக்கும் விலைக்கு அதிக உறிஞ்சும் திறன் கிடைக்கும், தேய்ந்துபோக பேட்டரி இல்லை, எடை கையில் விழாமல் தரையில் இருக்கும். மின்கம்பியின் நீளம் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லையெனில் ஒவ்வோர் அறையிலும் பிளக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

கம்பியில்லாத தடி வகை அன்றாடம் சட்டென எடுத்துப் பயன்படுத்த மிக வசதியானது. ஆனால் பெட்டியில் 60 நிமிடம் என்று போட்டிருந்தால், அது மிகக் குறைந்த வேகத்தில், மோட்டார் தூரிகை இல்லாமல் அளந்த நேரமாகவே பெரும்பாலும் இருக்கும். உச்ச வேகத்தில் பல கருவிகள் பத்து நிமிட அளவில் நின்றுவிடுகின்றன. இரண்டு மாடி வீட்டுக்கு இதை மட்டும் நம்பி வாங்குவது சரியாக வராது.

ரோபோ வகை தினசரித் தூசைக் குறைக்கும். மற்றொரு கருவிக்குத் துணையாகவே அதைக் கருத வேண்டும். படியேறாது. நம் வரிசை வீடுகளின் பின்புறச் சமையலறைக்கு இறங்கும் படியைப் பெரும்பாலான ரோபோக்களால் கடக்க முடியாது. இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள வாசல் விளிம்பே அவற்றுக்கு எல்லை. தரையில் குத்துவிளக்கு ஏற்றும் வீடுகளில், விளக்கு எரியும் நேரத்தில் ரோபோ ஓடாதபடி நேரத்தை அமைப்பதும், பூஜை அறையைத் தடைப் பகுதியாகக் குறிப்பதும் கட்டாயம்.

வீட்டைப் புதுப்பித்த பின் சிமெண்டுத் தூசை அள்ளவோ, கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய நீரை உறிஞ்சவோ வேண்டுமானால், ஈரம், உலர் இரண்டுக்குமான வாளி வகை இருக்கிறது. சாதாரணக் கருவியால் தண்ணீரை உறிஞ்சினால் மோட்டார் கெடும், மின்சாரமும் தாக்கலாம். வெள்ளம் வடிந்த வீட்டில் சுவரிலுள்ள மின்பொருத்திகள் நனைந்திருந்தால், எந்த வகைக் கருவியையும் செருகுவதற்கு முன் மின்பணியாளர் வந்து பார்த்தாக வேண்டும்.

படி 3: எண்களைச் சரியாகப் படியுங்கள்

வாட் என்பது கருவி உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அது உறிஞ்சும் திறன் அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு விதித்தது; 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அதற்குப் பிறகும் நன்றாக உறிஞ்சும் கருவிகள் அங்கே விற்கப்படுகின்றன. காற்று செல்லும் பாதையையும் தரை முகப்பையும் கவனமாக வடிவமைத்தால் குறைந்த மின்சாரத்திலேயே அந்த வேலை நடக்கும் என்பதற்கு இது போதுமான சான்று.

நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று உறிஞ்சழுத்தம்; இது பாஸ்கல் அல்லது கிலோபாஸ்கல் என்னும் அலகில் தரப்படும். மற்றொன்று காற்றோட்டம்; நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகிறது என்பது. அழுத்தம் கனமான துகளைத் தரையிலிருந்து பிரிக்கிறது, காற்றோட்டம் அதைக் குழாய் வழியே கொண்டுபோகிறது; ஒன்று மட்டும் அதிகமாக இருந்து பயனில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டும் அளவை ஏர்வாட் என்பார்கள். அது குறிப்பிடப்பட்டிருந்தால் ஒப்பிடுவது எளிது.

இங்கே புதியவர்கள் ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. ரோபோவின் பெட்டியில் 5,000 என்றும், குழாய் வகையின் பெட்டியில் 20 என்றும் இருந்தால் முதலாவதே வலிமையானது என்று தோன்றும். முன்னது பாஸ்கல், பின்னது கிலோபாஸ்கல். ஒரு கிலோபாஸ்கல் ஆயிரம் பாஸ்கல் என்பதால், குழாய் வகையின் அழுத்தம் ரோபோவினுடையதைவிட நான்கு மடங்கு. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

ஒலி டெசிபலில் குறிக்கப்படும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் 75 டெசிபலுக்கு உட்பட்டதைத் தேடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி. 80 டெசிபல் என்பது ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச அளவு.

படி 4: வடிகட்டியை ஆராயுங்கள்

நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். தூசுப்பூச்சிகள் மெத்தையிலும் சோபாவிலும் கார்ப்பெட்டிலும் பெருகுவதற்கு இந்த ஈரமே காரணம். ஒவ்வாமையைத் தூண்டுவதில் பெரும்பங்கு அவற்றின் கழிவுத் துகள்களுக்கு உண்டு. வடிகட்டி மோசமாக இருந்தால், கருவி முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூசைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே மீண்டும் வீசும்.

மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வடிகட்டியைக் குறிக்கும் ஹெப்பா (HEPA) என்ற சொல் மட்டும் போதாது; எச்13 போன்ற தர எண் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தரத்தின்படி எச்13 வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். ஆயினும் வடிகட்டியைச் சுற்றியுள்ள மூட்டுகளில் காற்று கசிந்தால் அந்தத் தரத்தால் பயனேதும் இல்லை. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு தூசு ஒரு பையில் சேரும் வகையையே நான் பரிந்துரைப்பேன். மூடிய பையை அப்படியே குப்பையில் போடலாம், தூசு முகத்தில் எழும்பாது. பை இல்லாத வகையில் செலவு குறைவுதான், ஆனால் தூசுப்பெட்டியைக் கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் தூசு பறக்கும்.

கழுவக்கூடிய வடிகட்டியைக் கழுவிய பின் 24 மணி நேரம் உலர விட வேண்டும் எனப் பல கையேடுகள் சொல்கின்றன. மழைக்காலத்தில் இங்கே அது போதாமல் போகலாம். ஈரமான வடிகட்டியைப் பொருத்தினால் துர்நாற்றம் வரும், பூஞ்சை பிடிக்கும், மோட்டாரும் பாதிக்கப்படும். எனவே கருவியை வாங்கும்போதே இரண்டாவது வடிகட்டி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். ஒன்று உலரும் வரை மற்றொன்று வேலை செய்யட்டும்.

படி 5: தேயும் உறுப்புகளின் விலையைக் கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது, பெரும்பாலோர் தவிர்த்துவிடுவதும் இதுவே. உங்களுக்குப் பிடித்த கருவிகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் வடிகட்டி, பை, தூரிகை உருளை, குழாய், பேட்டரி ஆகியவற்றின் விலையைக் கடைக்காரரிடமும் இணையச் சந்தைகளிலும் விசாரித்து எழுதுங்கள். ஓர் உறுப்பு எங்குமே கிடைக்கவில்லை என்றால், அந்தக் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பேட்டரியின் விலை கருவியின் விலையில் பாதியைத் தொடுமானால் மறுபடியும் யோசியுங்கள்.

லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுமையாக மின்னேற்றப்பட்டதும் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும். வெப்பம் அதை மேலும் விரைவுபடுத்தும். அதனால் வெயில் படும் சன்னலோரத்திலும் அடுப்புக்கு அருகிலும் மின்னேற்றிச் சட்டத்தைப் பொருத்தாதீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கையோடு கழன்று வரும் பேட்டரியே வேண்டும். உள்ளே பூட்டப்பட்ட பேட்டரி என்றால், அது செயலிழக்கும் நாளில் பழுதுபார்க்கும் மையத்துக்குக் கருவி முழுவதையும் தூக்கிச் செல்ல நேரும்.

மோட்டாரையும் குழாயையும் பற்றி ஐரோப்பிய விதி ஒரு நல்ல அடிப்படையைத் தருகிறது: மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைந்து நிமிர்ந்த பிறகும் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் 500 மணி நேரம் ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகளுக்கு வரும். ஐரோப்பியச் சந்தைக்கும் தயாரிக்கப்படும் மின்கம்பி வகை மாதிரி என்றால் இந்தக் குறைந்தபட்சத் தரம் இருக்குமென எதிர்பார்க்கலாம்.

படி 6: கடையில் கையால் சோதியுங்கள்

இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். குழாய் முனையை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். மோட்டாரின் ஒலி உயர்ந்தால் காற்றுப்பாதை இறுக்கமாக உள்ளது என்று பொருள். மூடிய பின்னும் ஒலி மாறவில்லை என்றால் எங்கோ கசிவு இருக்கலாம். காற்று அடைபட்டால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு உள்ள மாதிரிகளிலும் ஒலி அவ்வளவாக உயராது என்பதால், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு தூசுப்பெட்டியையும் வடிகட்டியையும் தூரிகையையும் நீங்களே கழற்றி மாட்டுங்கள். விற்பனையாளர் செய்து காட்டுவதைப் பார்ப்பது போதாது. வீட்டில் அம்மாவோ பாட்டியோ பயன்படுத்தப் போகிறார் என்றால் அவரையும் அழைத்துச் சென்று, மாடிப்படிக்குத் தூக்குவதைப்போல் ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: முத்திரை, உத்தரவாதம், சட்டம்

மலேசியாவில் வேக்குவம் கிளீனர், எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்றே விற்கப்பட வேண்டிய மின்சாதனங்களுள் ஒன்று. கருவியின்மேல், மலேசியத் தரச் சோதனை நிறுவனமான சிரிமின் (SIRIM) முத்திரை உள்ளதா என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் மலிவான கருவிகளில் இது இல்லாமல் போகலாம். நம் மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்டுக்கெனச் செய்த கருவியை இங்கே செருகினால் எரிந்துபோகும். இந்தியாவின் மின்னழுத்தம் நம்முடையதே, ஆனால் பிளக் வேறு. அங்கே தரப்படும் உத்தரவாதமும் பெரும்பாலும் இங்கே செல்லாது.

பத்தாண்டு உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், அது மோட்டாருக்கு மட்டுமா, பேட்டரிக்கு எத்தனை மாதம், கூலி உட்படுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழுதுபார்க்கும் மையம் பினாங்குத் தீவில் இருக்கிறதா, கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டுமா என்பதும் பினாங்குவாசிகளுக்கு முக்கியம்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்யும் பொறுப்பைப் பேசுகிறது. தகராறு எழுந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இன்றியே தாக்கல் செய்யலாம். அதற்கு ரசீது வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்துச் சேமியுங்கள்.

படி 8: மாற்றிக் கொடுக்கும் காலத்துக்குள் முழுமையாகப் பயன்படுத்துங்கள்

கடை அனுமதிக்கும் மாற்றுக் காலம் எத்தனை நாள் என்று ரசீதில் பார்த்து, அதற்குள் முதற்படியில் எழுதிய தாளிலுள்ள எல்லா அறைகளிலும் கருவியைப் பயன்படுத்திவிடுங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓடிய பின் மின்கம்பியும் பிளக்கும் தொட முடியாத அளவுக்குச் சுடுகின்றனவா, கருகல் வாடை வருகிறதா, வெளியேறும் காற்று படும் இடத்தில் மென்தூசு படிகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கருவியைத் திறந்து பார்க்க முயலாமல், பெட்டியும் ரசீதுமாகக் கடைக்கே எடுத்துச் சென்று வேறொன்று கேளுங்கள்.