மரபியல் பிரிவில் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனையின் மரபியல் பிரிவில் செவிலியரின் முதல் வேலை, யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன நோய் என்று காட்டும் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் எழுதுவது; பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் நேர்கின்றன. "சொந்தத்துல கட்டினதா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடக் கூடாது. அத்தை மகன், மாமன் மகள் என்றால்தான் சொந்தம் என்று எண்ணி, "இல்ல சிஸ்டர், அன்னியம்தான்" என்று சொல்லும் ஒரு தாய், இரு பக்கத்துத் தாத்தா பாட்டியின் பெயரையும் ஊரையும் பொறுமையாகக் கேட்கும்போது, "அவருக்க பாட்டியும் எனக்க தாத்தாவும் கூடப்பொறந்தவங்க" என்பார். உடனே வரைபடத்தில் கணவன் மனைவிக்கு இடையிலான ஒற்றைக் கோடு, சொந்தத்தில் நடந்த திருமணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோடாகிறது. மருத்துவர் எந்தப் பரிசோதனையை எழுதுவார் என்பதும் மாறக்கூடும்.

"எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வியும் போதாது. கலைந்த கருவையும், பிறந்த சில நாளில் இறந்த குழந்தையையும் தாய்மார்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமியார் பக்கத்தில் இருந்தால் வாயே திறப்பதில்லை. தாயிடம் தனியாகப் பேசச் சில நிமிடமாவது ஒதுக்காமல் வரைபடத்தை முடிப்பது, என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பதால், குழந்தைக்கு டவுன் நோய்க்குறி (21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) என்று தெரிந்ததும் "இந்த மண்ணாலதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆறுதலுக்காக ஆமாம் என்று தலையாட்டுவதும் தவறு, கேள்வியை அலட்சியமாகத் தள்ளுவதும் தவறு. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் பிரியாமல் போவதால் இது நேர்கிறது என்றும், தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடுகிறது என்றும் விளக்கும் அதே மூச்சில், இது யார் செய்த குற்றமும் அல்ல என்று வீட்டார் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

பெற்றோர் இருவரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்திகள் (நோயின் மரபணு ஒன்றைச் சுமந்தும் பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள்) என்றால் "நாலில் ஒன்று" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீதம்தான் என்று சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

குரோமோசோம் பரிசோதனைக்கு உயிருள்ள செல்கள் தேவை என்பதால் ரத்தம் ஹெப்பாரின் குழாயில் போக வேண்டும், டி.என்.ஏ. பரிசோதனைக்கு இ.டி.டி.ஏ. குழாய் (இரண்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்கள்). குழாய் மாறினாலோ, குரோமோசோம் மாதிரியை உறைய வைத்தாலோ, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த குடும்பம் மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது, பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மரபியல் இடம்பெற்றிருக்கிறது. அந்தத் தேர்வில் தேறியதோடு பயிற்சி முடிந்தது என்று ஒரு செவிலியரைத் தனியாக அமர்த்துவது நிர்வாகத்தின் தவறு. அனுபவமுள்ளவர் அருகில் இருந்து அவர் எழுதும் முதல் வரைபடங்களைத் திருத்தித் தர வேண்டும்.