வலிப்பு வந்தவரின் அருகில் இருப்பவர் செய்ய வேண்டியதும் கவனிக்க வேண்டியதும்

வலிப்பு வந்து ஒருவர் விழும்போது அருகில் இருப்பவருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. விழுந்தவருக்கு அடிபடாமலும் மூச்சு அடைபடாமலும் பார்த்துக்கொள்வது முதல் வேலை. நடப்பதைக் கூர்ந்து கவனித்து, பின்னர் மருத்துவரிடம் வரிசை மாறாமல் சொல்வது இரண்டாவது வேலை. இந்த இரண்டாவது வேலையின் அருமை பலருக்கும் தெரிவதில்லை. வலிப்பு வந்தவருக்கு நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலிப்பும் நின்றிருக்கும், ஸ்கேனிலும், மூளையின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையிலும் ஒன்றும் தென்படாமல் போவதும் உண்டு. ஆகவே மூளையின் எந்தப் பகுதியில் கோளாறு தொடங்கியது என்பதற்கு, கண்ணால் பார்த்தவரின் வாய்மொழியே பல வேளைகளில் முதல் சான்றாகிறது.

பெரியவர் ஒருவரின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை மின் துடிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. குளூட்டமேட் என்னும் பொருள் நரம்பணுவைத் தூண்டுகிறது. காபா என்னும் பொருள் அடக்குகிறது. இந்தச் சமநிலை குலைந்து, ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றித் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. அந்தக் கொந்தளிப்பு மூளையின் இரு பக்கமும் பரவினால் நினைவு தப்பி, உடல் விறைத்து, கைகால்கள் வெட்டி இழுக்கும். இப்படி வரும் வலிப்புகளில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

வலிப்பு தொடங்கியதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும் என்பதால் ஊகம் உதவாது. கூரான பொருள், அடுப்பு, நாற்காலி முதலியவற்றை அகற்றிவிட்டு, தலைக்கு அடியில் துண்டையோ சட்டையையோ மடித்து வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வெட்டி இழுக்கும் கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். அதனால் வலிப்பு நிற்காது, தோள்மூட்டு விலகவோ எலும்பு முறியவோதான் வழி உண்டு. பற்களுக்கு இடையே கரண்டி, துணி, விரல் என எதையும் நுழைக்கக் கூடாது. நாக்கு விழுங்கப்பட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. நுழைத்த பொருளால் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போவதே உண்மையான ஆபத்து. வெட்டல் தளர்ந்ததும், முடிந்தால் அதற்கு முன்பே, அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்து மூச்சுப்பாதை திறந்திருப்பதற்கு இந்த ஒரு செயல் போதும். முழு நினைவு திரும்பி, தன் பெயரையும் தான் இருக்கும் இடத்தையும் சரியாகச் சொல்லும் வரை தண்ணீர், காப்பி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்க வேண்டாம்.

நம் ஊர்களில் வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. யாரோ ஓடிப் போய்ச் சாவியைத் தேடிக் கொண்டுவந்து கையில் வைப்பதற்குள் இரண்டு நிமிடங்கள் ஆகிவிடுகின்றன. வலிப்பும் தானாக அடங்கும் நேரம் அதுவே. இரும்பு நிறுத்தியது என்ற நம்பிக்கை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. மூளையின் மின் கொந்தளிப்பின் மீது இரும்புக்கு எந்த வலிமையும் கிடையாது. இறுகிய கையில் சாவி குத்திக் காயப்படுத்துவது ஒருபுறம் இருக்க, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் சாவியைத் தேடிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

ஐந்து நிமிடங்களைக் கடந்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிடுங்கள். அந்த அளவைத் தாண்டிய வலிப்பு தானாக அடங்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, மூளைக்குச் சேதமும் நேரலாம். ஒரு வலிப்புக்குப் பின் நினைவு திரும்பாமலே அடுத்தது தொடங்கினாலும், அதுவே வாழ்வில் முதல் வலிப்பாக இருந்தாலும், கர்ப்பிணியாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலும், தண்ணீருக்குள் நேர்ந்திருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இனி, கவனிக்க வேண்டியவை. முதல் சில நொடிகளில் என்ன நடந்தது என்பதே மிக முக்கியம், ஏனெனில் மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பணி இருக்கிறது. கொந்தளிப்பு எங்கே தொடங்குகிறதோ அந்தப் பகுதியின் பணிதான் முதலில் குழம்பித் தெரியும். மூளையின் முன்பகுதியான முன்மடலின் பின் ஓரத்தில், உடலின் தசைகளை இயக்கும் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் கைக்கும் முகத்துக்கும் பெரிய இடம், முதுகுக்குச் சிறிய இடம். வலது கட்டைவிரல் முதலில் துடித்து, துடிப்பு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறி, முகத்துக்குப் பரவியது என்று நீங்கள் சொன்னால், இடப்பக்க மூளையில் கைக்குரிய இடத்தில் தொடங்கியிருக்கிறது என்பதை மருத்துவர் உணர்ந்துகொள்வார்; மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை இயக்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில், இப்படிப் பரவும் துடிப்பைக் கவனித்தே தசை இயக்கத்துக்கு மூளையில் ஓர் ஒழுங்கான வரைபடம் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பு வேறு மாதிரி இருக்கும். அந்த மடலின் உள்ளே நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸும் அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவும் இருப்பதால், வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போன்ற உணர்வு, காரணமில்லாத பயம், இல்லாத ஒரு நாற்றம், இதே காட்சியை முன்பே பார்த்திருக்கிறோம் என்ற எண்ணம் ஆகியவை முதலில் தோன்றலாம். பிறகு அவர் விழாமலே வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புக்கொட்டுவார், சட்டைப் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் பதில் வராது. இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்க அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. தலையின் பின்புறத்தில் பார்வைக்குரிய பிடரி மடலில் தொடங்கினால் வண்ணப் புள்ளிகளோ ஒளிப்பொறிகளோ தெரியலாம்.

எனவே தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, எந்தக் கை முதலில் விறைத்தது, கண்கள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா, முகம் வெளிறியதா நீலம் பாரித்ததா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, சிறுநீர் பிரிந்ததா என்று பாருங்கள். முகம் வெளிறி, வியர்த்து, விழுந்த சில நொடிகளிலேயே தெளிந்து எழுந்துவிட்டால் அது வலிப்பாக இல்லாமல் சாதாரண மயக்கமாக இருக்கலாம். வலிப்பு நின்றபின் ஒரு கை தூக்க முடியாமல் தளர்ந்திருந்தாலோ பேச்சு வரவில்லை என்றாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தளர்ச்சி சில மணி நேரத்தில் நீங்கலாம் என்றாலும், பக்கவாதமாகவும் இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே சரி. உதவிக்கு இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லலாம். அந்தப் படம் மருத்துவருக்கு மட்டுமே உரியது. உறவினர்களிடையே சுற்றுக்கு விடக் கூடாது.

பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் வெட்டலே இருக்காது. பிள்ளை பேச்சின் நடுவே பத்து நொடி நின்று, கண் இமை லேசாகப் படபடக்க, விட்ட இடத்திலிருந்து மீண்டும் பேசத் தொடங்கும். ஒரே நாளில் பல முறை இப்படி நேரலாம். பாடத்தில் கவனமில்லை என்று அந்தப் பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன் ஆசிரியர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வலிப்புக்கு முன் என்ன நடந்தது என்பதையும் எழுதிவையுங்கள்: இரவு தூக்கம் கெட்டதா, மாத்திரை விடுபட்டதா, மது அருந்தினாரா, காய்ச்சல் இருந்ததா. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். நீரின் சூட்டைக் குறைப்பதே அவர்களில் பலருக்குப் பெரும் உதவி. மூளையில் நாடாப்புழுவின் கூடு தங்குவதும் இந்தியாவில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் புழுவின் முட்டை மனிதக் கழிவு கலந்த நீராலும் கழுவாத காய்கறியாலும் கையாலும் வாய்க்குள் போவதால், சைவ உணவு உண்போருக்கும் இது வருகிறது.

முறையாக மருத்துவம் பார்த்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு மாத்திரையை நாள் தவறாமல், நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். சில மாதங்கள் வலிப்பு வரவில்லை என்று தாமாக நிறுத்தினால், நீண்டு நிற்கும் அபாயகரமான வலிப்பு வரக்கூடும். திருமணமான பெண்கள் புகுந்த வீட்டுக்கு அஞ்சி மாத்திரையை ஒளித்துவைத்து, வேளை தவறவிடுவதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சொல் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. மறைக்க வேண்டிய தேவை சட்டப்படி இல்லை. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண் கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வால்புரோயேட் போன்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் அவர் மருந்தை மாற்றி, ஃபோலிக் அமிலத்தையும் தொடங்குவார். கர்ப்பம் உறுதியானபின் அச்சத்தில் தாமாக மருந்தை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் கேடு.