சாக்ரடீஸ் வழக்கை வகுப்பில் நடத்துவது எப்படி

முதல் தடவை நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நன்றாகப் பேசுகிற பையன் ஒருவனுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டி, வெள்ளைப் போர்வை சுற்றி, சாக்ரடீஸின் பேச்சை மனப்பாடம் செய்யவைத்து மேடையில் நிறுத்தினேன். பேசினான், கோப்பையைக் குடித்தான், விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் "ஏன் கொன்றார்கள்?" என்று கேட்டேன். "கெட்டவங்க சார்" என்றது மொத்த வகுப்பும். பட்ட பாடெல்லாம் வீண்.

அதற்கப்புறம் வசனம் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் இருந்த விதிகளை மட்டும் கொடுப்பேன். தீர்ப்பைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

சாக்ரடீஸாக யார் என்ற கேள்வியைத் தள்ளிப் போடுங்கள். முதலில் ஜூரி. நாற்பது பேர் வகுப்பு என்றால் முப்பத்தைந்து பேர் ஜூரியில் உட்கார வேண்டும். ஏதென்ஸில் ஆண்டுக்கு 6,000 பேரைச் சீட்டுப் போட்டு எடுத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் 30 வயது கடந்த ஆண் குடிமக்கள், ஒரு நாளுக்கு 3 ஓபல் (சிறு வெள்ளிக் காசு) படி. அந்தக் கூட்டத்திலிருந்து சுமார் 500 பேர் இந்த வழக்கைக் கேட்டார்கள். சட்டம் படித்த நீதிபதி கிடையாது, வக்கீல் கிடையாது. ஜூரிகள் தனியே கூடிக் கலந்து பேசுவதும் கிடையாது. கேட்டார்கள், எழுந்து போய் வாக்குப் போட்டார்கள்.

ஒவ்வொரு ஜூரிக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பேன், அவர் யார் என்று. "கி.மு. 413-இல் சிசிலிப் போரில் உன் மகன் திரும்பி வரவில்லை." "முப்பது பேர் ஆட்சியில் உன் அண்ணனைக் கொன்றார்கள்." "சந்தையில் பத்துப் பேர் பார்க்க உன்னைக் கேள்வி கேட்டு மடக்கியவர் இந்தக் கிழவர்தான்." "கி.மு. 423-இல் அரிஸ்டோஃபனீஸின் நாடகத்தில் இவரைக் கூடைக்குள் உட்காரவைத்துத் தொங்கவிட்டதைப் பார்த்துச் சிரித்தாய்." முப்பது பேர் ஆட்சியைப் பற்றி மட்டும் முந்தைய நாளே பாடம் எடுத்துவிடுங்கள். கி.மு. 404-இல் எதிரி நகரமான ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றபின் வந்த அந்த ஆட்சி, சில மாதங்களில் ஏறக்குறைய 1,500 பேரைக் கொன்றது. அதன் தலைவர்களில் ஒருவனான கிரிட்டியஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு சுற்றியவன். இது தெரியாமல் ஜூரியில் உட்கார்ந்தால் மறுபடியும் "கெட்டவங்க சார்"தான்.

இன்னொன்று, ஜூரி கத்தலாம். சாக்ரடீஸின் சீடர் பிளேட்டோ எழுதி வைத்திருக்கும் பேச்சில் சாக்ரடீஸ் திரும்பத் திரும்ப "சத்தம் போடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்கிறார். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வகுப்பிலேயே கெட்டிக்காரியை எந்தப் பக்கம் போடுவது? அனிட்டஸாக. வழக்குத் தொடுத்தவர்கள் மூன்று பேர்: கவிஞரான மெலிட்டஸ், பேச்சாளரான லைக்கன், தோல் பதனிடும் தொழிலில் பணம் சேர்த்த அரசியல்வாதி அனிட்டஸ். முப்பது பேரை எதிர்த்து நாடு கடந்து போய், போராடி, குடியாட்சியைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் இந்த அனிட்டஸும் ஒருவர். அவரை வில்லனாக நடிக்கவிட்டால் வழக்கே செத்துவிடும். "இந்த ஊரைக் காப்பாற்ற நான் எல்லாவற்றையும் இழந்தேன், அப்போது இவர் எங்கே இருந்தார்?" என்று கேட்கிற அனிட்டஸ்தான் வேண்டும். கூடவே ஒரு தடையும் போடுங்கள்: கி.மு. 403-இன் பொதுமன்னிப்புப்படி பழைய அரசியல் குற்றங்களைக் குற்றச்சாட்டாக்க முடியாது. குற்றச்சாட்டில் இருந்தவை வேறு: நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். கிரிட்டியஸ் பெயரைக் குற்றமாகச் சொல்லாமலே எல்லோர் நினைவுக்கும் கொண்டுவருவது அனிட்டஸின் சாமர்த்தியம். பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கில்லாடிகள்.

சாக்ரடீஸாக வருபவருக்கு ஒரு தாளில் சில குறிப்புகள் போதும். வயது 70. கேள்வி கேட்டதற்குக் காசு வாங்கியதில்லை. இவரைவிட ஞானி யாருமில்லை என்று டெல்ஃபி கோயிலில் குறி சொன்னார்கள். அது எப்படி என்று பார்க்கத்தான் அரசியல்வாதிகளையும் கவிஞர்களையும் கைவினைஞர்களையும் கேள்வி கேட்கப் போனார். தப்பான காரியத்தில் இறங்கினால் தடுக்கிற ஒரு குரல் அவருக்குள் கேட்கும். சலாமிஸைச் சேர்ந்த லியோனைப் பிடித்து வா என்று முப்பது பேர் சொன்னபோது, பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று பிள்ளைகள் இருந்தும் அவர்களை அழவைத்துக் கருணை கேட்க மாட்டார். தாடி வேண்டாம்.

இனி கடிகாரம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில் கிடைத்த ஒரு மண்பானை, சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும். அடியில் இருக்கும் சிறு குழாய் வழியே ஏறக்குறைய 6 நிமிடத்தில் காலியாகும். அதன்மேல் ஆண்டியோக்கிஸ் என்ற குலத்தின் பெயர் இருக்கிறது. சாக்ரடீஸின் குலமும் அதுதான். நமக்கு இரண்டு பிளாஸ்டிக் வாளி போதும். மேல் வாளியின் பக்கச்சுவரில், அடியை ஒட்டி ஓட்டை போட்டு பால்பென் குழல் ஒன்றைச் செருகி, சுற்றிலும் எம்சீல் பூசுங்கள். குழலின் உள்வாயைப் பொறுத்து நேரம் மாறும். ஊற்றிப் பார்த்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். எனக்கு நான்கு வாளி வீணானது. மட்டம் இறங்க இறங்க நீர் மெதுவாக விழும். பேசுகிறவர் தன் வாய்ப்பு ஒழுகி முடிவதைக் கண்ணால் பார்ப்பார். கைபேசிக் கடிகாரத்தில் இந்தப் பதற்றம் வராது. இரு தரப்புக்கும் ஒரே அளவு வாளி. கீழே துணி போடுங்கள்.

சாக்ரடீஸ் தன் நேரத்துக்குள்ளேயே மெலிட்டஸைக் கேள்வி கேட்கலாம். மெலிட்டஸ் பதில் சொல்லியாக வேண்டும், அது சட்டம். உண்மையில் மெலிட்டஸ் மாட்டிக்கொண்டது இங்கேதான். "இவர் தெய்வத்தையே நம்பாதவர்" என்று சொல்லிவிட்டார். புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார் என்ற தன் குற்றச்சாட்டையே தானே முறித்துக்கொண்டார். ஆனாலும் சாக்ரடீஸ் தோற்றார். மடக்கியதால் வாக்கு விழாது என்பதைப் பிள்ளைகளும் கண்டுகொள்வார்கள்.

வாக்குக்கு வட்ட அட்டைகள் வெட்டி, நடுவில் பாதிக்குக் குளிர்பான உறிஞ்சுகுழல் துண்டும் பாதிக்குப் பென்சில் துண்டும் செருகுங்கள். குழல் என்றால் குற்றவாளி, பென்சில் என்றால் விடுதலை. இது கி.மு. நான்காம் நூற்றாண்டில் வெண்கலத் தகடுகளால் செய்த முறை. அதற்கு முன் கூழாங்கற்களைப் போட்டார்கள். ஆளுக்கு இரண்டையும் கொடுங்கள். நடுத்தண்டின் இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒன்று எண்ணும் பெட்டியில், மற்றது கழிவுப் பெட்டியில்.

ஏதென்ஸில் 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் விடுதலை. எங்கள் வகுப்பில் மூன்று தடவை விடுதலையே கிடைத்திருக்கிறது. அப்படி ஆனாலும் நிறுத்தாதீர்கள், அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

இரண்டாவது வாக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருந்தேன். இந்த வகை வழக்குக்குச் சட்டத்தில் நிலையான தண்டனை இல்லை. வழக்குத் தொடுத்தவர் ஒன்று கேட்பார், குற்றவாளி வேறொன்று கேட்பார். ஜூரி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், நடுவில் எதையும் அல்ல. மெலிட்டஸ் கேட்டது மரணம். உங்கள் சாக்ரடீஸிடம் "நீ என்ன கேட்கிறாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நாடு கடத்தல் என்பார்கள். ஜூரி நிம்மதியாக அதற்கு வாக்களிக்கும்.

அப்புறம் உண்மையில் அவர் என்ன கேட்டார் என்று படித்துக் காட்டுங்கள். ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குக் கொடுப்பதுபோல நகர மண்டபத்தில் இலவசச் சாப்பாடு. அது தண்டனையா என்று கூச்சல் எழும். பிறகு, அபராதம் என்றால் என்னால் முடிந்தது 1 மினா, அதாவது 100 டிராக்மா. கடைசியில் பிளேட்டோ, கிரீட்டோ முதலான நண்பர்கள் ஜாமீன் நிற்க, 30 மினா. இதை வைத்து வாக்கை மறுபடி எடுங்கள். விடுதலைக்குப் பென்சில் போட்ட கைகளே சில மரணத்துக்குப் போகும். எங்கள் வகுப்பில் அன்று எண்ணி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி மட்டும் "நான் ஏன் சார் இப்படிப் போட்டேன்?" என்று கேட்டாள்.

சிறைக் காட்சியை நடிக்க வேண்டாம், வாசித்தால் போதும். தெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை யாரையும் கொல்லக்கூடாது என்பதால் சுமார் ஒரு மாதம் காத்திருந்தார்கள். நானும் சுவரில் காகிதக் கப்பல் ஒன்று ஒட்டிவிட்டு, சில வாரம் வேறு பாடம் எடுப்பேன். நடுவில் ஒருநாள் கிரீட்டோ தப்பிக்க வழி சொன்னதைப் பேசலாம். கப்பலைக் கழற்றும் நாளில் ஹெம்லாக் நஞ்சு குடித்த பகுதி: நடந்தார், கால் கனத்ததும் படுத்தார், மரத்துப்போவது பாதத்திலிருந்து மேலே ஏறியது, நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளீப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் என்று கிரீட்டோவிடம் சொன்னார். கோப்பை வேண்டுமென்றால் காலிக் கோப்பை மட்டும் மேசைமேல் இருக்கட்டும்.

வாக்கு அட்டைகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள். பென்சில் துண்டுகள் எப்போதும் குறையும்.